விழாத வெள்ளணு

சிவனணைந்தபெருமாள் முகம் முழுக்க முத்துவெள்ளை பூசி, கடைசியாக மைக்குச்சியை எடுத்து மீசை வரைவார். ஊசி போட வந்த நர்ஸ் சங்கரம்மாள் அதைத் துணியால் துடைப்பாள். அவள் அந்தப் பக்கம் திரும்பியதும் மீசை மறுபடி முளைத்திருக்கும், முன்னைவிடத் தடிமனாக.

"அண்ணாச்சி, நீங்க ரத்தத்துல இருக்க வெள்ளணு. அதுக்கு மீசை கிடையாது."

"மீசை இல்லாம எப்படி நர்ஸம்மா சண்டை போடுதது? கிருமி பயப்படுமா?"

வயது ஐம்பத்திரண்டு. தென்காசி நாடகக் கொட்டகையில் இருபது வருஷம் ராஜபார்ட். இப்போது சுகாதார இலாகாவின் காலரா தடுப்புப் பிரசாரத்தில் வேஷம். மோர் குடித்தாலும் தம்ளரை வாள் பிடிப்பதுபோலப் பிடிப்பார். கண்ணுக்குத் தெரியாத ஓர் அணுவாக நடிக்க வேண்டும் என்று சொன்னபோது, "அதுக்கு எத்தனை பாட்டு?" என்றுதான் கேட்டார்.

கதை கால் மணி நேரம். பேதிக் கிருமி உடம்புக்குள் நுழைகிறது. வெள்ளணு தனியாக எதிர்த்துத் தோற்று விழுகிறது. பிறகு ஊசி வருகிறது. வெள்ளணு தெம்போடு எழுந்து கிருமியைக் கொல்கிறது. அந்த விழுகையில்தான் எல்லாம் இருக்கிறது. விழுந்தால்தான் ஊசி எதற்கென்று சனங்களுக்குப் புரியும்.

சிவனணைந்தபெருமாள் விழமாட்டார்.

இலஞ்சியில், கிருமி வேஷம் போட்ட தளவாயை முதல் காட்சியிலேயே முடியைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, நெஞ்சில் கால் வைத்து மூன்று பாட்டுப் பாடினார். கூட்டம் சீட்டியடித்தது. சங்கரம்மாள் ஊசிக்குக் கூப்பிட்டபோது ஒருத்தி பக்கத்தில் இருந்தவளை இடித்துச் சிரித்தாள். "ஏட்டி, உள்ள இப்படி ஒரு தடியன் காவல் நிக்கையில ஊசி என்னத்துக்கு?" அத்தனை பேரும் எழுந்து போனார்கள். அன்று ஊசி போட்டுக்கொண்டவர் தளவாய் ஒருவர்தான். அதுவும் இடுப்பு வலிக்கு மருந்து என்று நினைத்து.

சங்கரம்மாளுக்கு அழுகையே வந்துவிட்டது. சாரல் விழத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒரு வாரத்தில் குற்றாலத்துக்கு வண்டி வண்டியாகச் சனம் வரும். மேலகரத்தில் ஒரே தெருவில் ஏற்கெனவே பேதியில் இரண்டு சாவு.

"ஒரு தடவை செத்துத்தான் தொலையுங்களேன் அண்ணாச்சி!"

"நான் மேடையில செத்ததே இல்ல நர்ஸம்மா. பொறவு எவன் என் மூஞ்சில முழிப்பான்?"

"நீங்க சாகலைன்னா இந்தச் சனங்க சாகும்."

அவர் மைக்குச்சியை எடுத்தார். மீசைக்கு இன்னொரு தீற்று தீற்றினார்.

மேலகரத்தில் அந்தத் தெருவிலேயே ஆட்டம். தளவாய் முன்னெச்சரிக்கையாகத் தலையில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்தார். சிவனணைந்தபெருமாள் கர்ஜித்தார், பாடினார், துண்டோடு சேர்த்து முடியைப் பிடித்தார். கூட்டம் ஆரவாரித்தது. சங்கரம்மாள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

எதிர் வீட்டு வாசற்படியில் நின்ற குருவம்மாள் சிரிக்கவில்லை. "எங்க அண்ணனும் இப்படித்தான்யா இருந்தான், ஆனை மாதிரி" என்று உரக்கச் சொன்னாள். "காலையில பேதி. பொழுது சாய தூக்கிட்டுப் போயிட்டாவ."

ஆரவாரம் நின்றது. சிவனணைந்தபெருமாள் அவளைப் பார்த்தார். தளவாயின் முடியிலிருந்து விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன. முழங்கால் மடங்கியது. பாட்டு இல்லாமல், வசனம் இல்லாமல், ஈரத் தரையில் பக்கவாட்டில் சாய்ந்தார்.

குருவம்மாள்தான் முதலில் படியிறங்கி வந்து சங்கரம்மாளிடம் கையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் ஒருத்தி. பிறகு இரண்டு பேர். வரிசை தெருமுனை வரைக்கும் போனது.

தளவாய் குனிந்து கிசுகிசுத்தார். "அண்ணாச்சி, எந்திரிங்க. அடுத்த காட்சி நீங்க ஜெயிக்கணும்லா?"

சிவனணைந்தபெருமாள் கண்ணைத் திறக்காமலே ஒரு விரலை எடுத்து மீசைக்குக் கீழே, உதட்டின்மேல் வைத்தார்.