தகரக் கூரையின் கீழ் பிரசங்கம்

இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே, ஒரு தேயிலைத் தோட்டத்து லுத்தரன் கோயிலில், பெண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். போதகர் கிறிஸ்துவின் இரக்கத்தைப் பற்றிப் பிரசங்கத்தைத் தொடங்கியதுமே தகரக் கூரைமேல் மழை கொட்டுகிறது. கரண்டும் போய்விட்டது. ஒரு சொல்லும் கேட்கவில்லை.

ஆண்கள் பக்கம், கடைசி வாங்குப் பலகையில் ஒருவர் எழுந்து கதவைப் பார்க்கிறார். கொழுந்து பறிக்கும் மேரி அக்கா என் காதருகே கத்துகிறார்:

"எங்க வீட்டுக்காரருங்க. குடிச்சிட்டு வந்து கோயில்ல சண்டை போட்டாரு. அந்த வெக்கத்துல ஒரு வருசமா வரல, இன்னிக்குத்தான் வந்திருக்காரு. இப்ப போனா இனி வரவே மாட்டாருங்க."

"மழை விடுமா?"

"ரத்னபுரி மழையா? நல்லா விடும்! எங்க பாஸ்டரப் பாருங்க. இதே தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்தவரு, இந்த மழையோடவே வளந்தவரு."

போதகர் பீடத்தைவிட்டு இறங்கி, நேராகக் கடைசி வாங்குக்குப் போய், எழுந்து நின்றவரின் தோளைத் தொட்டுக் காதில் ஏதோ சொல்கிறார். அவர் உட்காருகிறார். பிறகு போதகர் எங்கள் ஒவ்வொருவரிடமும் வந்து காதருகே குனிகிறார்.

"கிறிஸ்து உங்களுக்கும் இரங்கியிருக்கிறார். இதைச் சொல்லத்தான் நான் இருக்கிறேன்."

"அவருக்கும் இதையேதான் சொன்னீங்களா, பாஸ்டர்?" என்கிறார் மேரி அக்கா.

"வேற பிரசங்கம் எங்கிட்ட இல்லீங்க, அக்கா."

மேரி அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுகிறார். எல்லோரும் பார்க்க, தலை நிமிர்ந்து நடந்து போய், ஆண்கள் பக்கம் கணவருக்கு அருகில் உட்காருகிறார்.