இரண்டாவது மிதியில் நிற்கும் வண்டி

வண்டி ஓட்டும் தொழிலில் ஓட்டுவது பெரிய விஷயமே இல்லை, நிறுத்துவதில்தான் பிழைப்பு இருக்கிறது. பழைய வேன் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் காட்டூர்க்காரன். என் வேனுக்கு வயது பதினெட்டு. காலையில் பழவேற்காட்டு ஏரிக்கரையில் மீன், இறால், நண்டுக் கூடைகளோடு வரும் பெண்களை ஏற்றிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டில் இறக்குவது என் வேலை. பின்சீட்டைக் கழற்றிவிட்டேன். கூடைகள் பின்னால், பெண்கள் நடுவில், நான் ஸ்டீயரிங்கில்.

ஒன்றரை வருடமாக என் தலைக்குள் ஓடியது ஒரே கேள்விதான். இந்த வண்டியின் பிரேக்கை இன்னொரு தடவை ரிப்பேர் செய்வதா, இல்லை பழைய டிரம் பிரேக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஸ்க் பிரேக்குக்கு மாறிவிடுவதா? இதே கேள்வியோடு பட்டறை பெஞ்சில் உட்கார்ந்து டீயை ஆறவிட்டவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பழகிய கால்

என் வேனில் பிரேக்கை முதல் தடவை மிதித்தால் சும்மா உள்ளே போகும். இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கும். இதை ஒரு குறை என்றே நான் நினைக்கவில்லை. கால் தானாகவே இரண்டு முறை மிதிக்கப் பழகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், ஏறுகிறவர்களும் பழகிவிட்டார்கள். முதல் மிதிக்குப் பேச்சுகூட நிற்காது. இரண்டாவது மிதிக்குச் சரியாக எல்லோர் கையும் கம்பியைப் பிடித்துக்கொள்ளும்.

முன்சீட் தேசம்மா அக்காவுக்கு. பசியாவரத்திலிருந்து படகில் வருகிறவர், அறுபதைத் தாண்டியவர், வலது முழங்கால் சரியாக மடங்காது. என்னைவிட அவ்வளவு பெரியவர் என்றாலும் என்னை 'நைனா' என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கம் அப்பாவையும் அப்படிக் கூப்பிடுவார்கள், மனசுக்கு வேண்டிய ஆளையும் அப்படிக் கூப்பிடுவார்கள். ஒருநாள் வழியெல்லாம் என் காலையே கவனித்துக்கொண்டு வந்தவர், பொன்னேரி ரயில்வே கேட்டில் நிறுத்தியதும் கேட்டார்: "ரெண்டாவது மெதிக்குதான் நிக்கும்னா மொத மெதி எதுக்கு நைனா? ரெண்டாவதுலேர்ந்தே ஆரம்பிக்க வேண்டியதுதான?"

டீச்சர்

ஒருநாள் பஸ் வரவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருவர் அவசரமாகப் பொன்னேரி போக வேண்டும் என்று எங்கள் வேனில் ஏறினார். மீன் வாடைக்குக்கூட முகம் சுளிக்கவில்லை, நல்ல மனுஷி. ஆனால் நான் ஒரு லாரிக்குப் பின்னால் முதல் மிதி மிதித்து, வண்டி நிற்காமல் போனதும் "ஐயோ கடவுளே" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

நடுவில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவர்கூட அசையவில்லை. அவருக்குப் பக்கத்தில் இருந்த கன்னியம்மா மட்டும் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னாள்: "பயப்படாதீங்க டீச்சர், இன்னொண்ணு கீது."

பாயின் பட்டறை

பொன்னேரியில் பிரேக் என்றால் சலீம் பாய்தான். அந்த வருடத்தில் மூன்றாவது முறையாக என் வண்டியின் நான்கு சக்கரத்தையும் கழற்றினார். டிரம்முக்குள்ளிருந்து துரு கொட்டியது. உள்ளே இருக்கும் சின்ன சிலிண்டர்கள் அசையாமல் இறுகிக் கிடந்தன. பிரேக் ஆயில் போகும் பைப்பை நகத்தால் சுரண்டினால் பொருக்கு பொருக்காக உதிர்ந்தது. பாய் இரண்டு வழி சொன்னார். கெட்டதை மட்டும் மாற்றி ஓட்டுவது ஒன்று. முன்சக்கரம் இரண்டுக்கும் புது மாடல் வேனில் வருகிற டிஸ்க் பிரேக்கைப் பொருத்தி, மிதியை லேசாக்க பூஸ்டரும் வைப்பது இன்னொன்று. மிதித்த மாத்திரத்தில் பிடிக்கும். ஆனால் இத்தனை வயதான வண்டிக்கு அவ்வளவு செய்வதா என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார்.

அப்புறம் டாக்டர் மாதிரி விசாரித்தார். ராத்திரியில் வண்டி எங்கே நிற்கும்? வீட்டு வாசலில், ஷீட்டுக்கு அடியில். மழையில் நனையுமா? நனையாது. எந்தத் தண்ணீரில் கழுவுவீர்கள்? நல்ல தண்ணீரில். எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். கேட்காததைச் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே எனக்குத் தோன்றவில்லை. கெட்டதை மட்டும் மாற்றினால் போதும் என்று நான் தலையாட்டியதும், பாய் துருவை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த வண்டி எங்கியோ போயி அழுதுட்டு வருது. நீங்கதான் சொல்ல மாட்டேன்றீங்க."

வலை

வண்டிக்குள் இது தினசரி விவாதமாகிவிட்டது. பாதிப் பேர் புதுசு போடு என்றார்கள், பாதிப் பேர் இருப்பதைச் சரி பண்ணு என்றார்கள். இவர்களுக்கு ரிப்பேர் என்பது பழகிப்போன வேலை. வலையில் ஒரு பொத்தல் விழுந்தால் யாரும் புது வலை வாங்க ஓடுவதில்லை. உட்கார்ந்து பின்னி மறுநாள் அதையே போடுவார்கள். நானும் அதையே எடுத்துக்காட்டி என் கட்சியைப் பேசினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உங்கள் கூடையிலிருந்து சொட்டுகிற உப்புத் தண்ணீர்தான் அடியில் இறங்கி என் பிரேக்கை அரிக்கிறது என்று பழியையும் தூக்கி அவர்கள் மேல் போட்டேன். மறுநாள் ஆளுக்கொரு பிளாஸ்டிக் சாக்கைக் கொண்டுவந்து கூடைக்கு அடியில் விரித்தார்கள்.

கன்னியம்மா ஏரியில் கழுத்தளவு தண்ணீர் வரும்படி உட்கார்ந்து நகர்ந்துகொண்டே, சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கிறவள். பிடித்ததைப் போடுகிற பறி என்ற ஓலைக்கூடையை அந்த நேரமெல்லாம் பல்லில் கடித்துக்கொண்டிருப்பாள். அதனாலோ என்னவோ, கரையில் இருக்கும்போதும் தேவையில்லாமல் வாய் திறப்பதில்லை. அன்றைக்குத் தன் சாக்கை விரித்துக்கொண்டே கேட்டாள்: "வல கிய்ஞ்சா மீனு போவும்ண்ணா. இது கிய்ஞ்சா இன்னா போவும்?"

பின்கதவு

இந்த இடத்தில் என் பெருமை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஏரியில் கரையோரம் ஆழம் கிடையாது. படகு கொஞ்ச தூரத்திலேயே தரை தட்டி நின்றுவிடும். அங்கிருந்து கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில், சேற்றில், முப்பது அடியாவது நடந்து வர வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் தேசம்மா அக்கா அப்படி வரும்போது கால் புதைந்து, நண்டுக் கூடையோடு விழுந்துவிட்டார். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு கேட்கவில்லை.

மறுநாள் வேனைத் திருப்பி, தரை கெட்டியாக இருக்கும் இடமாகப் பார்த்து, பின்பக்கமாகவே ஏரிக்குள் இறக்கினேன். சக்கரம் பாதி முழுகியது. படகு மூக்கும் என் பின்கதவும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டன. கூடைகள் படகிலிருந்து நேராக வண்டிக்குள் வந்தன. அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். கரையில் நிற்கும் மற்ற வேன்காரர்களை நான் கொஞ்சம் இளக்காரமாகப் பார்த்ததும் உண்டு. முதல் நாள் கால் நனையாமல் வண்டியில் ஏறிய தேசம்மா அக்கா என் தோளைத் தட்டிச் சொன்னதை இன்றைக்கும் மறக்கவில்லை: "நான் பெத்ததுங்களுக்குகூட இது தோணல நைனா."

எங்கள் ஊர் வளைவு

நடவு முடிந்த சமயம். காட்டூருக்கு முன்னால் உள்ள வளைவில் எருமைக் கூட்டம் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது. முதல் மிதி உள்ளே போனது, வழக்கம்தான். இரண்டாவதும் உள்ளே போனது. மூன்றாவதற்குக் கால் தரையில் போய் இடித்தது. வண்டியில் இத்தனை வருடமாக என்னை நம்பி ஏறுகிறவர்கள் ஏழு பேர், கம்பியைப் பிடித்தபடி அந்த இரண்டாவது மிதிக்குக் காத்திருக்கிறார்கள். கியரைக் குறைத்தேன், ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், வேறு வழியில்லாமல் வண்டியை இடதுபக்கம் வயலுக்குள் இறக்கினேன். சேற்றில் புதைந்து நின்றது.

யாருக்கும் உயிருக்கு ஒன்றுமில்லை. தேசம்மா அக்கா நெற்றி கண்ணாடியில் மோதி வீங்கிவிட்டது. பின்கதவு திறந்துகொண்டு கூடைகள் வயலில் கவிழ்ந்தன. அந்தப் பெண்கள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு இறங்கி, ஏரியில் தடவுவது போலவே அந்த நாற்றுக்கு நடுவில் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பொறுக்கினார்கள். நானும் குனிந்து தடவினேன். என் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. எனக்கு அழுகை வந்தது. வரப்பில் உட்கார்ந்து முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்த தேசம்மா அக்கா என்னைக் கூப்பிட்டார். "நிறுத்த முடியலன்னா சொல்லிடு நைனா, நாங்க பஸ்ஸுல போயிக்கிறோம். சொல்லாம மட்டும் ஏத்திக்கினு போவாத."

பாய் நண்டு வாங்க வந்தார்

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், டிஸ்க் பிரேக்தான். என் மனைவியும் தன் பங்குக்கு, வண்டியை வித்தாவது பிரேக்கைப் போடு என்றாள். அதில் உள்ள சிக்கல் அவளுக்கும் தெரியும், அவ்வளவு பயந்திருந்தாள். பாய் ஓட்டை விழுந்த பைப்பை மாற்றி, ஆயில் ஊற்றி, டிஸ்க் சாமான் வரும்வரை ஆள் ஏற்றாமல் கூடையை மட்டும் மெதுவாகக் கொண்டுபோகச் சொன்னார். பெண்கள் பஸ்ஸில் போனார்கள். நான் வழக்கம்போல் வண்டியை ஏரிக்குள் இறக்கிக் கூடைகளை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பாய் நண்டு வாங்கப் பையோடு கரைக்கு வந்தார். வண்டியைப் பார்த்தார். வண்டி நிற்கிற இடத்தைப் பார்த்தார். பையைக் கீழே வைத்துவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் வந்தார். குனிந்து பின்சக்கரத்துக்கு அடியில் கையை விட்டார். இத்தனை தூரம் ஓடிய சூட்டோடு டிரம் தண்ணீருக்குள் போனால், ஏரித் தண்ணீரைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினார். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்டார். சொன்னேன். ஈரக் கையை உதறிக்கொண்டே சொன்னார்: "டிஸ்க்கு என்னா, ஏரோப்ளேன் பிரேக்கே கொண்ணாந்து மாட்டறேன். தெனம் உப்புல ஊறப்போட்டா இதே மாதிரிதான் உதுந்து கைல வரும். ரிப்பேரா மாத்தறதானு எத்தினி தபா கேட்டீங்க, ஒரு தபா இத சொன்னீங்களா?"

கன்னியம்மா சிரித்தாள்

பெண்களிடம் சொல்லியாக வேண்டும். கூடைத் தண்ணீரைக் குற்றம் சொன்னவன் நான். இரண்டு நாள் மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். வண்டியைக் கரையிலேயே நிறுத்தினால் அந்த முப்பது அடியை இவர்கள் மறுபடி சேற்றில் நடக்க வேண்டும். மற்றவர்கள் நடந்துவிடுவார்கள். தேசம்மா அக்காவின் முழங்கால்தான் என்னைத் தின்றது. வண்டி தண்ணீரில் இறங்கினால் ஏழு பேர் உயிர், இறங்காவிட்டால் ஒருவர் கால். கணக்கு சுலபம்தான், அதை அந்த ஒருவர் முகத்தைப் பார்த்துச் சொல்வதுதான் சுலபமில்லை. பார்க்காமலே சொன்னேன். உங்கள் கூடை மேல் தப்பில்லை, தப்பு என்னுடையது, சாக்கையெல்லாம் எடுத்துவிடுங்கள், இனி வண்டி தண்ணீருக்குள் வராது என்றேன்.

ஒருத்தி உடனே குனிந்து தன் சாக்கை உருவினாள். அப்புறம் கன்னியம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "நீ தண்ணில எறங்க்றதுக்கு மின்னாடி நாங்க எப்டி ஏத்தனோம்னு நெனச்சினு கீறண்ணா? ஒனக்கு ஆசையா கீதுன்னு வுட்டுட்டோம்."

எல்லோரும் சிரித்தார்கள், தேசம்மா அக்காவைத் தவிர. அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே மிதி

பாய் நான்கு சிலிண்டரையும், எல்லாப் பைப்பையும், தேய்ந்த பிரேக் கட்டைகளையும் புதிதாக மாற்றினார். டிரம் பழையதே இருக்கட்டும் என்றார். ஆறு மாதம் வண்டியைக் காய்ந்த தரையில் நிறுத்துங்கள், அதற்கு மேலும் டிஸ்க் வேண்டும் என்று தோன்றினால் அப்போது பேசலாம் என்றார். பெண்களை மறுபடி ஏற்றிக்கொள்ளச் சம்மதம் கொடுப்பதற்கு முன், அந்த வளைவு வரை அவரே ஓட்டிப் பார்த்தார்.

மறுநாள் கரையில் வண்டியை நிறுத்திவிட்டு பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு நான் தண்ணீரில் இறங்கினேன். தேசம்மா அக்காவின் கூடையை என் தலையில் வைத்துக்கொண்டேன். ஒரு கையால் கூடையையும் ஒரு கையால் அவர் கையையும் பிடித்துக்கொண்டு நடந்தேன். நண்டுத் தண்ணீர் என் சட்டைக்குள் இறங்கியது. சேறு காலை விடமாட்டேன் என்றது. மற்ற டிரைவர்கள் என்னை இளக்காரமாகப் பார்ப்பதற்கு இப்போது அவர்கள் முறை. முப்பது அடிக்கும் அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. வண்டியில் ஏறியும் பேசவில்லை. எனக்குப் பயமாகவே இருந்தது.

ரயில்வே கேட் மூடியிருந்தது. பிரேக்கை மிதித்தேன், முதல் மிதியிலேயே வண்டி நின்றது. பின்னால் இருந்த அத்தனை பேரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். இரண்டாவது மிதிக்குத் தயாராகப் பாதி தூக்கிய கையோடு முன்னால் போய் நிமிர்ந்த தேசம்மா அக்கா, நெற்றியின் பழைய வீக்கத்தைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தார். கேட் திறக்கும்வரை அவர் முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. "இன்னா நைனா, ஏத்தும்போது எல்லாத்தயும் சொல்லிட்டு ஏத்தன, இத மட்டும் சொல்லாம நிறுத்திட்ட?"

இப்போதெல்லாம் தினமும் உப்புத் தண்ணீரில் ஊறுவது ஐம்பதை நெருங்கும் என் முழங்கால்தான், அதை ரிப்பேர் செய்வதா மாற்றுவதா என்று கேட்க சலீம் பாய் பட்டறைக்குப் போக முடியாது என்பது ஒன்றுதான் குறை.