பொனேருக்கு முன் ஒரு சோதனை

இன்று யூலை 11, சனிக்கிழமை. நோர்பரிக்கு அருகிலுள்ள நீச்சல் குளமொன்றில் எனக்கும் மனைவிக்கும் ஸ்கூபா டைவிங் பயிற்சியின் இறுதிச் சோதனை நடைபெற்றது.

25ஆம் திகதி கரீபியன் தீவான பொனேருக்கு விடுமுறையில் செல்கிறோம். சோதனையில் தேறாதவர் அங்கே கரையில் இருக்க வேண்டியதுதான்.

நீருக்கடியில் முகக்கண்ணாடியைக் கழற்றி, மீண்டும் அணிந்து, உள்ளே புகுந்த நீரை மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். சென்ற வாரம் மனைவி பயந்து பாதியில் மேலே வந்துவிட்டார். ஆகவே இன்று குளக்கரையில் மீண்டும் முழுமையாக விளக்கத் தொடங்கினேன்.

"கொஞ்சம் பேசாமல் இருங்கோப்பா. தண்ணிக்குள்ள நீங்கள் கதைக்கேலாது எண்டபடியாத்தானே நான் இதுக்கு ஓமெண்டனான்!" என்றார்.

இறங்கினார். ஒரே ஊதலில் நீரை வெளியேற்றிவிட்டுச் சிரித்தபடி மேலே வந்தார்.

அடுத்தது நான். ஊதுவதற்குப் பதிலாக மூச்சை உள்ளே இழுத்துவிட்டேன். இருமிக்கொண்டே மேலே வந்தேன்.

மனைவி என் முதுகைத் தடவினார். "பரவாயில்லையப்பா, நான் முன்னுக்குப் போய் மீனுகளைப் பாத்து வைக்கிறன். நீங்கள் ஆறுதலா வாங்கோ."

18ஆம் திகதி எனக்கு மறுவாய்ப்பு உண்டு, நிச்சயம் தேறுவேன். அனுபவமுள்ள நண்பர்கள் ஆலோசனை கூறலாம். வீட்டில் அது ஏற்கெனவே தாராளமாகக் கிடைக்கிறது என்பதால், வெளியிலிருந்து வருவதையே விரும்புகிறேன்.