விமானத்தில் அரை மணி

சித்தூர் பஸ் நிலையத்தில் மணி பதினொன்று. சாந்திபுரத்தில் பன்னிரண்டு மணிக்கு என் மாமாவின் அடக்கம். விடியற்காலையில் தடாவில் கிளம்பியும் இப்போதுதான் இங்கே வந்து நிற்கிறேன். இன்னும் இரண்டரை மணி நேரப் பயணம் பாக்கி. "தடா–சாந்திபுரம், விமானத்தில் அரை மணி நேரம்" என்று போனில் ஒரு இணையதளம் இன்னமும் கூசாமல் சொல்கிறது. இரண்டு ஊரிலும் விமான நிலையமே கிடையாது! அதைப் பார்த்துத்தான், பஸ்ஸில் நாலு மணி நேரம் தாராளம் என்று நினைத்துத் தொலைத்தேன்.

பக்கத்தில் நிற்கும் கண்டக்டரிடம் போனைக் காட்டுகிறேன்.

"இத எழுதினவன காணிப்பாக்கம் இட்டுக்கினு வா சார். குளத்துல முழுகிட்டு பிள்ளையார் எதிர்ல சத்தியம் பண்ணட்டும். பொய் சொன்னவன் அங்க தப்ப முடியாது" என்கிறார்.

"பண்ணட்டும்!" என்று கத்துகிறேன்.

போன் அடிக்கிறது. மாமா மகன். "எங்கண்ணா வந்துக்கினு கீற? உனுக்காவ பெட்டிய மூடாம வச்சிக்கினு கீறோம்."

"அரை மணி நேரத்துல வந்துடுவேன்டா."

கண்டக்டர் என்னையே பார்க்கிறார்.