காயப் போட்ட குளம்

என் கொழுந்தனாரை நான் மன்னிக்கவில்லை. இன்றைக்கும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், என்னை நல்லவள் என்று யாரும் நினைத்து ஏமாற வேண்டியதில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே, மலையைப் பார்த்த தோட்டம் அது. கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம், பூவுக்கென்று அதில் ஒரு சின்னக் குளம் வெட்டச் சொன்னேன். பருக்கைக்கல் கலந்த செம்மண். இன்று ஊற்றிய தண்ணீர் நாளைக்கு இருக்காது. சிமெண்டு என்ற பேரையே எங்கள் பக்கம் கேட்டிராத காலம். ஒன்று, சுண்ணாம்புக் காரை பூச வேண்டும். இல்லையென்றால் கண்மாயில் படிந்த கரம்பை மண்ணை அப்பி மிதிக்க வேண்டும். நான் கரம்பையைத்தான் எடுத்தேன். வண்டி வண்டியாகக் கொண்டுவந்து கொட்டி, தண்ணீர் தெளித்து, அடியிலும் பக்கத்திலும் ஒரு சாண் கனத்துக்கு அப்பினோம். இரண்டு ஆட்களோடு நானும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு எட்டு நாள் மிதித்தேன். கால் வெடித்து ரத்தம் வந்தது. ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை.

கரம்பைக்கு ஒரே ஒரு பத்தியம்தான். ஈரம் போகக்கூடாது. காயவிட்டால் பாளம் பாளமாக வெடித்துவிடும். ஆடிப்பூரத்துக்கு அந்தக் குளத்துச் செங்கழுநீர் ஒரு கூடை கோயிலுக்குப் போகும். கூடையைச் சுமந்துகொண்டு போவது நான்.

மாமனார் காலமான பிறகு பாகம் பிரித்தார்கள். மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். என் வீட்டுக்காரர் நியாயஸ்தர். கரிசல் காட்டை ஒரு பங்காகவும் தோட்டத்தை ஒரு பங்காகவும் வைத்துவிட்டுத் தம்பி முகத்தைப் பார்த்தார். தம்பி யோசிக்கக்கூட இல்லை. தோட்டம் போயிற்று.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். மறுவாரம் பழக்கதோஷத்தில் பூப்பறிக்கப் போனேன். களை எடுத்துக்கொண்டிருந்த ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால் கொழுந்தனார் சொன்னார்: “மதினி, இனிமே கேட்டுட்டு வாங்க.”

நான் மிதித்த குளத்துக்கு நான் கேட்டுவிட்டு வர வேண்டும். கூடையை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. என்றைக்காவது ஒரு நாள் என் கைக்கு வருவார் என்று காத்திருந்தேன்.

வந்தது அவர் இல்லை, அவர் மனைவி. கூமாப்பட்டியில் கண்மாய்க்கரை வீட்டிலிருந்து வாழ வந்தவள். அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள். கோயில் பிரகாரத்தில் என்னைப் பார்த்து ஒதுங்கி நின்று கேட்டாள். ராஜபாளையத்துக் கொத்தனார் ஒருவர் குளத்துக்குக் காரை பூசினால் பெரிய வீட்டுக் களை வரும் என்று கொழுந்தனார் மனதில் ஆசையைக் கிளப்பிவிட்டாராம். கரம்பையே இருக்கட்டுமா, காரை பூசலாமா என்று என்னிடம் யோசனை கேட்டாள்.

எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. “காரைதான் நல்லது. கொளத்த வத்தவிட்டு, கரம்பைய பத்து நாள் காயப் போடு. பொறவு அது மேலயே பூசச் சொல்லு” என்றேன்.

“காயப் போட்டுரலாமாக்கா?” என்றாள். நல்லாக் காய வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். என் முகத்தைச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு, “சரிக்கா, போயிட்டு வாரேன்” என்று போய்விட்டாள்.

மாசியில் வற்றவிட்டார்கள். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைத்த காரையைக் கண்ணாடி மாதிரி பூசினார்களாம். தண்ணீர் நிறைத்த பத்தாம் நாள், அடியில் காய்ந்து கிடந்த கரம்பை ஊறிப் புடைத்து, காரை நெடுக விரிசல் விட்டு, குளம் வறண்டது. சேதி வந்த அன்று மத்தியானம் நான் இரண்டு கை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

சித்திரையில் கொழுந்தனாரே எங்கள் வாசலில் வந்து நின்றார். குளத்தை நான்தான் மறுபடி மிதித்துத் தர வேண்டும், ஆடிப்பூரத்துக்குப் பூ இல்லாமல் போனால் ஊரில் தலைகாட்ட முடியாது என்றார். நான் இரக்கப்படவில்லை. தோட்டத்து வாசலில், அதே ஆட்களுக்கு முன்னால் என்னைக் கூப்பிட வேண்டும் என்றேன். கூப்பிட்டார். “மதினி, உள்ள வாங்க” என்று சொன்னபோது அவர் முகம் இருந்த இருப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

காரையைப் பெயர்த்து எறிந்துவிட்டு மறுபடி கரம்பை கொட்டினோம். ஓரகத்தியும் என்னோடு குழியில் இறங்கினாள். மிதிக்கிற கால் பழகின காலாக இருந்தது. செங்கழுநீர்க் கிழங்கெல்லாம் அழுகியிருக்குமே என்று ஒன்றும் தெரியாதவளாகக் கேட்டேன். அவள் மாட்டுக்கொட்டிலுக்குப் போய் ஒரு பானையைத் தூக்கி வந்தாள். தண்ணீருக்குள் பாதிக் கிழங்கு, துளிர்விட்டுக்கொண்டு கிடந்தது.

“காரைக் கொளத்துல அம்புட்டையும் விடச் சொன்னாவ. நான் பாதிய ஒளிச்சு வச்சிட்டேங்க்கா” என்றாள்.

ஏன் என்றேன்.

“காஞ்ச கரம்ப மேல காரை நிக்காதுன்னு கூமாப்பட்டியில எல்லாத்துக்கும் தெரியும். நீங்க வேணுமின்னுதான் சொல்லுதியன்னும் தெரியும்.” அவள் மிதிப்பதை நிறுத்தவில்லை. “உங்கள உள்ள விடுங்கன்னு மூணு வருசமா அவியகிட்ட சொல்லிப் பாத்தேன். கேக்கல. கொளம் வத்துனாத்தான் அவியளே வந்து கூப்பிடுவாவன்னு தோணுச்சு.”

மூன்று வருஷம் பொத்திப் பொத்தி வளர்த்த கோபம். அதை எடுத்து இவள் தன் வீட்டு வேலைக்குப் பூட்டியிருக்கிறாள். கொழுந்தனார் மேல் வந்ததைவிட அதிகமான ஆத்திரம் இவள் மேல் வந்தது. கூடவே, மூன்று வருஷமாக எனக்காகப் பேசியவள் இவள் ஒருத்திதான் என்பதும் உறைத்தது. இரண்டையும் காட்டாமல் குனிந்துகொண்டு மிதித்தேன்.

அந்த ஆடிப்பூரத்துக்கு ஏழு பூதான் பூத்தது. விடியற்காலையில் அவள் அதைக் கூடையில் வைத்து என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து நீட்டினாள். அவளையும் நான் மன்னிக்கவில்லை. கூடையை மட்டும் வாங்கிக்கொண்டேன்.