பல்லைப் பிடித்துப் பார்த்த காளை: எமெந்தாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

எமெந்தால் பக்கம் ஒரு நாள் போய்வர வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். நான் முதலில் அங்கே போனது 1986 மே மாதம், சுவிசுக்கு வந்த இரண்டாம் வருடம். மலை பார்க்கப் போகவில்லை. கென்யாவில் மாடு மேய்த்து வாழும் மசாய் மக்களுக்கு உதவி சேர்க்கும் ஒரு கிராமத்துச் சங்கத்தின் கூட்டத்துக்குப் போனேன்.

அப்போது பேர்னில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் எனக்குக் கோப்பை கழுவும் வேலை. அங்கே தாதியாக இருந்த ஹேடிதான் அந்தச் சங்கத்தின் செயலாளர். கென்யாவிலிருந்து வரும் விருந்தாளிக்கு ஆங்கிலத்தில் பேச்சுத்துணை வேண்டும், வரமுடியுமா, வரும்போது கொஞ்சம் ரோல்ஸும் பொரித்துக்கொண்டு வரமுடியுமா என்று கேட்டார். இரண்டில் எது அவருக்கு முக்கியம் என்று நான் விசாரிக்கவில்லை. பேர்னுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் என்னோடு ஒரே அறையில் இருந்த சிவத்துக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மாடு பார்க்கவோ மச்சான் சுவிசுக்கு வந்தனி?" என்றான்.

ஓஸ்டர்முண்டிகனிலிருந்து லாங்னவுக்கு ரயிலில் முக்கால் மணி நேரம், முப்பது கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். அங்கிருந்து மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் இருபது நிமிடம் மேலே ஏறினால் அந்தக் கிராமம். லாங்னவில் கோப்பி இரண்டு பிராங். என் காசில் என்றால் குடித்திருக்க மாட்டேன், ஹேடி வாங்கித் தந்தார்.

விருந்தாளியின் பெயர் நசேரியன். முப்பது வயதிருக்கும், பள்ளிக்கூட ஆசிரியை. சிவப்புத் துணியையும் ஈட்டியையும் எதிர்பார்த்த கிராமத்தார் அவருடைய சாம்பல் நிற மழைக்கோட்டைக் கண்டு கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள். ரயிலிலேயே விஷயத்தை என்னிடம் சொல்லியிருந்தார். அவர் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு விடுதி இல்லை. தூரத்துப் பிள்ளைகள் வீட்டோடு நின்றுவிடுவார்கள், நின்றால் கலியாணம். ஒரு மாணவியின் தகப்பனிடம், அடுத்த தவணைக்குள் விடுதி வரும், அதுவரை பொறுங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு விமானம் ஏறியிருந்தார்.

சங்கத்தின் யோசனையோ வேறு. தலைவர் வெர்னர் தானே வளர்த்த சிமென்டால் என்ற சுவிஸ் இனக் காளை ஒன்றை இலவசமாகத் தருகிறார். சேர்ந்த பணம் முழுவதையும் செலவழித்து அதை விமானத்தில் அனுப்பினால் மசாய் மாடுகளின் இனமே மேம்படும். பிற்பகல் இரண்டு மணிக்கு வாக்கெடுப்பு. சங்கம் காளையைத் தீர்மானித்துவிட்டால் அந்தப் பிள்ளையின் படிப்பு முடிந்தது. வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொன்னால் வெர்னரின் மனம் முறியும், சங்கமும் விலகிவிடும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள் நம்மவர்கள். கூட்டத்துக்கு முன் காளையைக் காட்ட வெர்னர் எங்களைத் தன் மாட்டுக்கொட்டிலுக்குள் கூட்டிப்போனதும் நசேரியன் முதல் வேலையாகக் காளையின் வாயைத் திறந்து பல்லைத்தான் பார்த்தார். நான் அவசரமாகத் தலைவரின் முகத்தைப் பார்த்தேன். வெர்னருக்கு ஒரே சந்தோஷம், மாடு தெரிந்த ஒருத்தி வந்துவிட்டாள் என்று.

ஹேடி மண்டபத்தில் கதிரை அடுக்கப் போய்விட்டதால் மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. சமையலறையில் பொறுக்கிய என் ஜெர்மனில் எவ்வளவு, எங்கே, யார் என்று கேட்கலாம். விளக்கம் சொல்ல வராது. இதை நசேரியனிடம் சொன்னேன். அது போதும், நான் கேள்விதான் கேட்கப்போகிறேன் என்றார்.

ஒரு நாளைக்கு எவ்வளவு புல் தின்னும்? வெர்னர் இடுப்பளவு உயரத்தில் கையை வைத்துக் காட்டினார். தண்ணீருக்கு எவ்வளவு தூரம் நடக்கும்? கொட்டில் வாசலில் இருந்த தொட்டியைக் காட்டினார். அங்கே கோடையில் ஒரு நாள் நடக்க வேண்டும் என்று நசேரியன் சொன்னதைச் சொன்னேன். உண்ணிக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று தெரியாமல் என் கையை நானே கிள்ளிக் காட்டினேன். அதுவும் விளங்கியது. காய்ச்சல் வந்தால் மருந்து போடுவது யார்? லாங்னவிலிருந்து மாட்டு வைத்தியர் அரை மணியில் வருவாராம். பிறகு வெர்னரே திருப்பிக் கேட்டார், அங்கே வைத்தியர் எவ்வளவு தூரத்தில் என்று. இரண்டு நாள் என்றார் நசேரியன்.

வெர்னர் காளையின் கழுத்தைத் தடவிக் கொடுத்தார். எனக்குப் பாவமாக இருந்தது.

"இவன் அங்க ஒரு வருசம் தாங்கமாட்டான்," என்றார். "அப்ப உங்களுக்கு என்னதான் வேணும்?"

"கட்டில்," என்றார் நசேரியன். "அதுக்கு மேல ஒரு கூரை."

கூட்டத்தில் வெர்னரே முதலில் எழுந்து, தன் காளையைச் சாக அனுப்பச் சம்மதமில்லை, பிள்ளைகளுக்குக் கட்டிலும் கூரையும் கொடுப்போம் என்றார். காளையின் படம் போட்டு அச்சடித்த சுவரொட்டிகளை என்ன செய்வது என்று ஒருவர் முறைப்பட்டார். ஆனாலும் கைகள் உயர்ந்தன. நசேரியன் என் கையைப் பிடித்த பிடியில் விரல் நொந்தது. எனக்கும் கண் கலங்கியது. அந்தப் பிள்ளை விடுதிக்கு வந்துவிட்டாள் என்று அடுத்த வருடம் ஹேடி சொன்னார். என் ரோல்ஸ் மட்டும் உறைப்புக் கூடி அரைவாசி மிஞ்சிவிட்டது.

போகிறவர்கள் மே கடைசியில் போங்கள், புல் நல்ல பச்சையாக இருக்கும். ஞாயிறுகளில் போஸ்ட் பஸ் குறைவு, திரும்பும் நேரத்தை முதலே பார்த்து வையுங்கள். சப்பாத்து சேறாகும்.

ஊருக்கு உதவி அனுப்புகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சுவிசில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கம் போன வருடம் ஊரிலுள்ள பெண்கள் பாடசாலைக்குப் பத்துக் கணினி அனுப்பத் தீர்மானித்தது. பள்ளியை நடத்தும் அதிபரைக் கேட்டீர்களா என்றேன். தலைவருக்குக் கோபம். "குடுக்கிறதை வேண்டாமெண்டு ஆரும் சொல்லுவினமோ?" என்றார். நான் அங்கேயே தொலைபேசியை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்து, அதிபரிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ," என்றார் அவர். "பிள்ளையளின்ரை மலசலகூடத்துக்குக் கதவு இல்லை."