பற்றரி விளக்கு

ரொறன்ரோவில் நாங்கள் நடத்தும் இந்தியக் கலைவிழாவுக்கு அந்த வருடம் நான்தான் மேடைப் பொறுப்பு. வெளியே பனி கொட்டிக் கிடந்தது. விழா தொடங்குமுன், அந்தப் பள்ளிக்கூட மண்டபத்தைப் பராமரிக்கும் அண்ணை மின்கலத்தில் எரியும் ஒரு பற்றரி விளக்கோடு வந்தார்.

"தம்பி, உள்ளுக்கு நெருப்புக் கொளுத்தக் கூடாது. புகை பட்டா அலாரம் அடிக்கும். இதை வையுங்கோ."

"உந்த விளக்கை வைச்சோ விழா தொடங்கிறது? நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்று சுள்ளென்று சொல்லிவிட்டேன்.

குத்துவிளக்கை ஏற்றிய கையோடு கற்பூரமும் கொளுத்தினேன். அலாரம் அலறியது. சனம் முழுக்க வெளியே ஓடியது. பரதம் ஆட இருந்த பிள்ளைகள் சலங்கை கட்டிய வெறுங்காலோடு பனியில் நடுங்கினார்கள். அதில் என் மகளும் ஒருத்தி.

அந்த அண்ணை உடற்பயிற்சிப் பாய்களை இழுத்து வந்து பனிமேல் விரித்தார். தன் ஜக்கெற்றைக் கழற்றி மகளின் கால்களைச் சுற்றினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"முதல்ல பிள்ளையளைப் பாருங்கோ தம்பி."

விளக்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. நாலு பேர் முன்னால் ஏசியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த வருடம் மங்கல விளக்கேற்ற அவரைத்தான் அழைத்தேன். வேட்டி கட்டி, கூச்சத்தோடு வந்து, அதே பற்றரி விளக்கின் சுவிட்சைத் தட்டினார். சபை விளக்கைக் கும்பிட்டது. நான் அவரைக் கும்பிட்டேன்.